காரின் உலோகப் பாகங்களில் கீறல் எடுப்பது: எந்தத் தாள், என்ன செலவு, எங்கே நிறுத்த வேண்டும்

பார்க்கிங்கில் வீல் ரிம் பிளாட்பாரக் கல்லில் உரசிவிட்டது. கதவுக்குக் கீழே உள்ள ஸ்டீல் பட்டையில் செருப்பு மண் கோடு போட்டிருக்கிறது. பழைய அம்பாசடர் பம்பரில் யாரோ சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுப் போனால் கடைக்குக் கடை ஒரு பதில் கிடைக்கும். ஒருவர் "புதுசு மாத்திடுங்க சார்" என்பார். இன்னொருவர் "ரப்பிங் போட்டா போயிடும்" என்பார். யூடியூபில் ஒருவர் டூத்பேஸ்ட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். நானும் இந்த வட்டத்தில் சுற்றி, காசையும் நிறைய ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்த பிறகுதான் வேலையின் வரிசை பிடிபட்டது. புதிதாக இறங்குகிறவர்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிஷ் போட்டால் கீறல் போகாது. கீறல் என்பது பள்ளம். அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்கினால்தான் அது மறையும். அந்த வேலையை உப்புத்தாள் செய்கிறது. பாலிஷ் வருவது கடைசிக் கால் மணி நேரத்துக்கு மட்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த பாலிஷ் நல்லது என்பதல்ல, தேய்ப்பதற்கு அங்கே உலோகம் இருக்கிறதா என்பதுதான்.

1. எந்த உலோகம் என்று பாருங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் போதும். பாகத்தில் வைத்துப் பாருங்கள்.

காந்தம் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய இரும்பு. அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளின் பம்பர் இந்த ரகம். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சில ரகங்களில் காந்தம் ஒட்டும். அதனால் பாகத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். பின்பக்கம் துருவோ கருப்போ இருந்தால் முலாம் பூசிய இரும்பு. இரண்டு பக்கமும் ஒரே நிறமென்றால் ஸ்டெயின்லெஸ். குரோமில் லேசான நீலம் தெரியும், ஸ்டெயின்லெஸ்ஸில் தெரியாது.

காந்தம் ஒட்டவில்லை, தட்டினால் டப் டப் என்று மழுங்கிய சத்தம், விளிம்பில் அச்சில் வார்த்த கோடு தெரிகிறது என்றால் அது பிளாஸ்டிக். இன்றைய கார்களில் முன்பக்க கிரில், லோகோ, கதவுக் கைப்பிடியில் பளபளப்பது பெரும்பாலும் குரோம் பூசிய பிளாஸ்டிக்தான். அதில் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாதீர்கள்.

காந்தம் ஒட்டவில்லை, உலோகம்தான், கனமும் குறைவு என்றால் அலுமினியம். அலாய் வீல், ரூஃப் ரெயில், எஞ்சின் வால்வ் கவர் எல்லாம் இதில் வரும். இங்கே இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் மெட்டல் பாலிஷைத் தொட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கருத்தால் வெறும் அலுமினியம். எவ்வளவு தேய்த்தாலும் துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே ஏதோ ஒரு படலம் இருக்கிறது. அலாய் வீலில் அது கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பெயின்ட்; ரூஃப் ரெயிலிலும் ஜன்னல் பட்டையிலும் பெரும்பாலும் அனோடைஸ் படலம், அதாவது மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் உண்டாக்கிய கெட்டியான ஆக்சைடு. மல்ட்டிமீட்டர் இருந்தால் அதை வைத்தும் பார்க்கலாம்: பீப் வந்தால் வெறும் உலோகம், வராவிட்டால் படலம்.

2. கை வைக்கக் கூடாதவை

குரோம் முலாம். நிக்கலுக்கு மேலே இருக்கும் அலங்காரக் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அதில் உப்புத்தாளை நாலு தடவை இழுத்தால் மஞ்சளாக நிக்கல் தெரியும், இன்னும் இழுத்தால் இரும்பு தெரியும், அடுத்த மழைக்குத் துரு. குரோமில் கீறல் என்றால் மறுமுலாம்தான் வழி. அதற்கு எட்டாவது படிக்குப் போங்கள். கீறல் இல்லை, மேலே புள்ளிப் புள்ளியாகத் துரு மட்டும்தான் என்றால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மென்மையாகத் தேயுங்கள். போய்விடும்.

டைமண்ட் கட் வீல். முகப்பு பளபளவென்று, உற்றுப் பார்த்தால் இசைத்தட்டு போல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும், இடுக்குகளில் மட்டும் கருப்போ சாம்பலோ பெயின்ட் இருக்கும். அந்தக் கோடுகள் லேத்தில், அதாவது கடைசல் மெஷினில் வந்தவை. கையால் தேய்த்த இடம் தனியாகத் திட்டுப் போலத் தெரியும். தாள் போட்ட பிறகு லேத் கடைக்குப் போனாலும் செலவு அதேதான், உங்கள் உழைப்புதான் வீண்.

அனோடைஸ் செய்த பட்டை. தேய்க்கலாம், ஆனால் தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் இரண்டு நிறமாகிவிடும். முழுப் பட்டையிலும் படலத்தை எடுக்கக் காஸ்டிக் சோடா கரைசல் பயன்படுத்துவார்கள். அலுமினியமும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சூடும் தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும். வீட்டு மொட்டை மாடியில் செய்யும் வேலை இல்லை இது.

வெடிப்பு விழுந்த வீல். கீறல் மாதிரி தெரிவது சில நேரம் வெடிப்பாக இருக்கும். கழுவிக் காயவைத்து, மறுபக்கத்திலும் அதே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம், வீலை மாற்றுங்கள். அதேபோல டயர் வந்து உட்காரும் உள்விளிம்பில் உள்ள கீறலையும் தொடாதீர்கள், காற்று இறங்கும்.

அப்புறம், முன்பக்கத்தில் ஸ்டீல் கிராஷ் கார்டு மாட்டியிருந்து அதைப் பளபளப்பாக்க யோசிக்கிறீர்கள் என்றால் கழற்றிப் போட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

3. தாளை எடுப்பதற்கு முன் காகித வேலை

கீறலுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இருக்கிறது.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும் எண்ணம் துளியாவது இருந்தால், சர்வேயர் பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள். தேய்த்த பிறகு அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து கட்டாயமாகப் போவது ₹1,000, அதற்கு மேல் உள்ள காருக்கு ₹2,000. உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம், 10 வருடம் தாண்டினால் 50. ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தேய்மானம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரு ரிம் கீறலுக்காக 50 சதவீதச் சலுகையை விடுவது நஷ்டம். கதவும் ஃபெண்டரும் சேர்ந்து அடிபட்டிருந்தால் கதை வேறு, அப்போது வீலையும் அதே கிளெய்மில் சேர்த்துவிடலாம்.

வாரன்டியில் இருக்கும் வண்டியில் கிளியர் கோட் தானாக உரிந்திருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் காட்டி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். தாள் பட்ட வீலை அப்புறம் யாரும் ஏற்க மாட்டார்கள்.

உலோகத்தைப் பளபளப்பாக்க ஆர்.சி.யில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பாடி நிறத்தை மாற்றினால்தான் அந்த வேலை.

எஞ்சின் பாகத்தில் கை வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொறித்த இடத்துக்குத் தாளோ பஃப்போ (துணிச் சக்கரம் சுற்றும் பாலிஷ் மெஷின்) போகக் கூடாது. 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அந்த எண்ணைப் பென்சிலால் அச்செடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். எழுத்து மழுங்கியிருந்தால், பளபளப்புக்காகத்தான் தேய்த்தேன் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நம்பவைப்பது உங்கள் பாடு. தொடங்கும் முன் அந்த இடத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, கீறலை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் தெரியும்படி. வேலையைப் பட்டறைக்குக் கொடுக்க நேர்ந்தால் வாட்ஸப்பில் அனுப்பி விலை கேட்க உதவும்.

4. வாங்க வேண்டியவை

பெயின்ட் கடையிலேயே பெரும்பாலானவை கிடைக்கும். சென்னையில் என்றால் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகள், கார் சாமான்களுக்கு மவுன்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. மற்ற ஊர்களில் பெயின்ட் கடையும் ஒரு வெல்டிங் சாமான் கடையும் இருந்தால் போதும். நான் சொல்லும் விலைகள் உத்தேசம், கடைக்குக் கடை மாறும்.

வாட்டர் பேப்பர் 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000 நம்பரில் தலா இரண்டு (நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). தாள் ஒன்று ₹20 முதல் ₹30. கருப்பு நிறத்தில் தண்ணீரில் நனைக்கக்கூடிய தாள் வேண்டும். மரவேலைக்கான தாள் நனைந்தால் கூழாகிவிடும். மாஸ்கிங் டேப் ₹50. ஆட்டோசால் மாதிரி பேஸ்ட் பாலிஷ் ஒரு டியூப் ₹300 முதல் ₹500. பிராசோ பித்தளைக்கு நல்லது, அலுமினியத்தில் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உதவும். கிளியர் கோட் எடுக்க வேண்டியிருந்தால் பெயின்ட் ரிமூவர் கால் லிட்டர், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. துணிக்கு ஒரு கிலோ பனியன் வேஸ்ட். அதிலிருந்து தையல், பட்டன் இல்லாத துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து ₹1,200 முதல் ₹1,500-க்குள் முடியும். நாலு வீலுக்கும் இதே சாமான் கிட்டத்தட்டப் போதும், தாள் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

தாளைப் பிடிக்க ஒரு கட்டை வேண்டும். கடையில் விற்கும் ரப்பர் பிளாக்கைவிடப் பழைய ஹவாய் செருப்பின் குதிகால் பகுதியை வெட்டி எடுத்தது நன்றாக வேலை செய்கிறது. தட்டையாகவும் இருக்கும், ரிம்மின் வளைவுக்கு லேசாக வளைந்தும் கொடுக்கும். விரலால் மட்டும் தேய்த்தால் விரல் பட்ட இடத்தில் குழி விழும்.

வாங்கக் கூடாதது: கை கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்க். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுப் பக்கம் ஓடும். கீறலை இரண்டு நொடியில் எடுக்கும், அடுத்த நொடியில் பள்ளம் தோண்டும். பாத்ரூம் ஆசிட்டையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தை அரித்துக் கருக்கவைக்கும், ஸ்டெயின்லெஸ்ஸையும் துருப்பிடிக்க வைக்கும். புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு அருமையான சாமான், அலாய் வீலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

5. கழுவுதல், மறைத்தல், படலம் எடுத்தல்

வீல் என்றால் வண்டியிலிருந்து கழற்றிச் செய்யுங்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு வீல். ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டியில் வேலை செய்யாதீர்கள். பிரேக் டிஸ்க் மேல் பாலிஷ் எண்ணெய் தெறித்தால் அது வேறு தலைவலி.

ஷாம்பூ போட்டுக் கழுவி, இடுக்கில் ஒட்டிய பிரேக் கரியைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துவிட்டு நிழலில் காயவிடுங்கள். ஒரு மணல் துகள் மிச்சமிருந்தாலும் தாளுக்கு அடியில் சிக்கிப் புதுக் கோடு போடும். டயரை மறைக்க டேப் சரியாக ஒட்டாது. பழைய விசிட்டிங் கார்டுகளை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் வரிசையாகச் செருகுங்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. ஒரு வீலுக்கு ஒரு கட்டுக் கார்டு போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையும் உதவும்.

கிளியர் கோட் இருந்தால் பெயின்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் கனமாகத் தடவி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். போர்த்தாவிட்டால் நம் ஊர் வெயிலில் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். படலம் சுருங்கி எழும்பியதும் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுக்கலாம். இரும்புத் தகடு வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. தோலில் பட்டால் சுரீரென்று எரியும், உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். டயரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீறல் உள்ள இடத்தில் மட்டும் கிளியர் கோட்டை எடுத்தால் எல்லைக்கோடு தெரியும். முழு முகப்பிலும் எடுங்கள், அல்லது ஒரு ஸ்போக் முடியும் விளிம்புவரை எடுங்கள். இந்தப் படிக்கு ஒரு வீலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

6. தாள் ஓட்டுதல்

வேலை என்பது இதுதான், மற்றதெல்லாம் முன்னேற்பாடு.

முதலில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் 1000-இலிருந்து தொடங்கலாம். லேசாகத் தட்டுப்பட்டால் 600 அல்லது 400. நன்றாகச் சிக்கினால் 220. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால் முழுதாக எடுக்க ஆசைப்படாதீர்கள். பிசிறு நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சமப்படுத்திவிட்டு மிச்சப் பள்ளம் இருக்கட்டும். அவ்வளவு உலோகத்தைச் சுற்றிலும் இறக்கினால் ரிம்மின் வடிவமே மாறிவிடும். சந்தேகமாக இருந்தால் எப்போதும் ஒரு நம்பர் மென்மையான தாளிலிருந்து தொடங்குங்கள். முப்பது தடவை இழுத்தும் கீறல் அசையவில்லை என்றால் ஒரு படி கீழே வரலாம்.

தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், அலுமினியத் தூள் தாளில் அடைக்காமல் இருக்கும்.

கீறல் மேலும் அதைச் சுற்றியும் கருப்பு மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். செருப்புக் கட்டையில் தாளைச் சுற்றி, 220-இல் மேலிருந்து கீழாக மட்டும் தேயுங்கள். கீறலின் அகலத்தைப் போல நாலைந்து மடங்கு அகலத்துக்குப் பரவலாகப் போக வேண்டும். மார்க்கர் மேட்டில் அழிந்து பள்ளத்தில் மட்டும் மிஞ்சி நிற்கும். எங்கே கருப்பு நிற்கிறதோ அங்கே இன்னும் ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கருப்பு நூல் போல மெலிந்து, துண்டு துண்டாகி, மறையும்வரை தாளை மாற்றாதீர்கள். கை வலிக்கும். உள்ளங்கை அளவு இடத்துக்கு இந்த முதல் தாள் மட்டும் அரை மணி நேரம் கேட்கும்.

அடுத்து 320. இப்போது திசையை மாற்றி இடமிருந்து வலமாகத் தேயுங்கள். 220 போட்ட செங்குத்துக் கோடுகள் ஒன்றுகூடத் தெரியாமல் எல்லாமே படுக்கைக் கோடுகளாக ஆன பிறகுதான் 400. மறுபடி செங்குத்து. இப்படி ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றிக்கொண்டே 2000 வரை போங்கள். திசை மாற்றாமல் தேய்த்தால் எது பழைய கோடு, எது புதுக் கோடு என்று கண்ணுக்குப் பிரியாது. நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டிக் குதிப்பதும் வேண்டாம். 220-இலிருந்து நேராக 800-க்குப் போனால் பளபளப்பு வரும், அதற்குள் 220-இன் கோடுகளும் தெளிவாகத் தெரியும். அப்புறம் திரும்பி வந்து முதலிலிருந்து.

நம்பர் மாற்றும்போதெல்லாம் பாகத்தையும் கையையும் கட்டையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 1000 நம்பரில் தேய்க்கும்போது 220-இன் ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் நீளமாக ஒரு கோடு விழும்.

ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்ணீர் கோடுகளை மறைத்துவிடும், ஈரமாக இருக்கும்போது எல்லாம் கண்ணாடி மாதிரிதான் தெரியும். துடைத்துக் காயவைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். இதற்கு மத்தியான வெளிச்சத்தைவிடச் சாயங்காலம் வசதி.

முதல் தாள் தவிர மற்றவை ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஆகும். 220-இலிருந்து தொடங்கினால் உள்ளங்கை அளவுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரு முழு வீல் முகப்பு என்றால் ஒரு நாள் போய்விடும். நாலு வீலையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் கதவுப் பட்டைக்கு வழி வேறு. அதில் பொதுவாக ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். அதைக் கண்ணாடியாக்கினால் அசிங்கமாக இருக்கும். 400 தாளால் அந்தக் கோடுகளின் திசையிலேயே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் இழுங்கள். கீறல் மறைந்ததும் புதிய பச்சை ஸ்கிராட்ச் பேடால் அதே திசையில் இழுத்தால் முடிந்தது. இரும்புப் பாத்திரம் தேய்த்த பேடோ, இரும்புக் கம்பி நாரோ வேண்டாம். அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள் பிறகு துருப்புள்ளியாக வரும்.

7. பாலிஷும் காப்பும்

பட்டாணி அளவு பேஸ்டைத் துணியில் எடுத்துச் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேயுங்கள். துணியும் பாகமும் கரிக்கட்டை மாதிரி கருக்கும். பயப்படாதீர்கள், அது அலுமினியம்தான். காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை. இரண்டு மூன்று சுற்றில் முகம் தெரியும்.

பஃப் மெஷின் வைத்திருப்பவர்கள், அல்லது டிரில்லில் துணி வீல் மாட்டுபவர்கள், பட்டறையில் சோப்பு என்று சொல்லும் பாலிஷ் கட்டியில் முதலில் பழுப்பு, பிறகு அலுமினியத்துக்கு வெள்ளை, ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பச்சை என்று போகலாம். ஒரு சோப்புக்கு ஒரு வீல், மாற்றிப் போடக் கூடாது. பாகத்தை வீலின் நடுவுக்குக் கீழே, விளிம்பு கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். மேல்விளிம்பில் வீல் மாட்டினால் பாகத்தைப் பிடுங்கி வீசிவிடும். லுங்கி, தோளில் துண்டு, தொளதொளக் கையுறை, கையில் கயிறு எதுவும் கூடாது. முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். அலுமினியத் தூள் குவிந்த இடத்தில் இரும்பை கிரைண்டர் போட்டு அறுக்காதீர்கள். அந்தத் தூள் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

பளபளப்பு வந்ததும் தின்னரால் ஒருமுறை துடைத்து மெழுகு போடுங்கள். வெறும் அலுமினியம் காற்றில் மங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரமே மங்கும், மாதம் ஒருமுறையாவது மெழுகு வேண்டும். "மேலே கிளியர் அடிச்சிடுங்க" என்று யாராவது சொன்னால் கவனம். கண்ணாடி போல மழமழவென்று இருக்கும் உலோகத்தில் கிளியர் சரியாகப் பிடிக்காது, நாளாக நாளாகத் தோலுரியும். கிளியர் அடிப்பதுதான் திட்டம் என்றால் 600 அல்லது 800-உடன் நிறுத்திவிட்டு ஸ்பிரே கடைக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கொடுக்காதீர்கள். ஈரக்காற்றில் கிளியர் வெளுத்துப்போகும். கெட்டியாக்கி கலந்து அடிக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அதனால் வீட்டில் அடிக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் ஓட்டும் வண்டியின் வீலைக் கண்ணாடியாக்க வேண்டியதில்லை. கீறலை எடுத்து, 400 வரை தேய்த்து, சில்வர் பெயின்ட்டோ பவுடர் கோட்டிங்கோ போட்டால் வருடக்கணக்கில் நிம்மதி. கண்ணாடிப் பளபளப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு.

8. வெளியே கொடுக்கும்போது

டைமண்ட் கட் வீலை லேத்தில் மறுபடி வெட்டிக் கிளியர் அடிக்க ஒரு வீலுக்கு ₹2,000 முதல் ₹4,000 வரை கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய அடுக்கு உலோகம் போகிறது. அதனால் இந்த வீல் முன்பே வெட்டப்பட்டதா என்று கடைக்காரர் கேட்க வேண்டும். கேட்காத கடையில் கொடுக்காதீர்கள். பவுடர் கோட்டிங் என்றால் டயரும் வால்வும் கழற்றித் தர வேண்டும், அந்த அடுப்பு 180 டிகிரி வாக்கில் எரியும். டயர் கழற்றி மாட்டும் கூலியையும் பேலன்சிங்கையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரோம் பம்பருக்கு மறுமுலாம் என்றால் பழைய முலாமை எடுத்து, தேய்த்து, காப்பர், நிக்கல், குரோம் என்று வரிசையாகப் போட வேண்டும். விலை பாகத்தின் அளவையும் நெளிவையும் பொறுத்தது, ஒரு பம்பருக்குச் சில ஆயிரங்கள். பாதி விலைக்குச் செய்கிறேன் என்பவர் பெரும்பாலும் காப்பரை விட்டுவிடுகிறார். எனக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் நடந்தது. மூன்றும் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள், அந்த மழைக்காலம் முடிவதற்குள் பம்பர் கொப்பளித்துவிட்டது. கையில் சீட்டு இல்லாததால் பேச்சு எடுபடவில்லை. ஆகவே பாகத்தைக் கொடுக்கும்போதே ஒரு சீட்டில் இவற்றை எழுதி வாங்குங்கள்: எத்தனை பாகம், என்ன முலாம் வரிசை, தேய்ப்புக் கூலி சேர்த்தா தனியா, திரும்பத் தரும் தேதி, கொப்பளித்தால் எத்தனை மாதம் பொறுப்பு. ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். முடிந்தால் காப்பர் போட்டதும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், செம்பு நிறத்தில் பம்பரைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. போல்ட், கிளாம்ப் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, பாகத்தின் பின்பக்கத்தில் உங்கள் அடையாளத்தைப் பஞ்ச் உளியால் குத்திக் கொடுங்கள். பெயின்ட்டில் எழுதினால் தொட்டியிலேயே போய்விடும். தொட்டியில் ஒரே மாதிரி பம்பர்கள் பல கிடக்கும்.

அவர்கள் சொல்லும் ஒரு வாரத்தை இரண்டு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் கொடுத்தால் தேதி இன்னும் தள்ளும். பூஜைக்கு வண்டி வேண்டும் என்றால் ஆவணி மாதத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

வீலை மாட்டியதும் நட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கு விசை) அளவுக்கு, எதிரெதிராக முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே அளவுக்கு இன்னொரு முறை முடுக்கிச் சரிபார்க்க வேண்டும். ஸ்டிக்கர் பேலன்ஸ் எடை ஏதாவது கழுவும்போது உதிர்ந்திருந்தால் அதே தடவையில் டயர் கடையில் பேலன்சிங்கும் பார்த்துவிடுங்கள்.